பொதுக் காப்பீட்டு முகவர் தேர்வுத் தமிழ்: கலைச்சொற்களில் நிபந்தனை இழப்பு

ஆய்வுச் சுருக்கம்

பொதுக் காப்பீட்டு முகவராக விரும்புவோர் எழுதும் தகுதித் தேர்வு தமிழிலும் நடத்தப்படுகிறது. தமிழில் படித்துத் தேர்வெழுதுவோர்க்குக் காப்பீட்டுக் கோட்பாடுகள் கலைச்சொற்கள் வழியாகவே அறிமுகமாகின்றன. அச்சொற்கள் ஆங்கிலச் சொல்லின் அகராதிப் பொருளை மட்டும் தந்து, அதனுள் அடங்கிய சட்ட நிபந்தனையை விட்டுவிடும்போது பொருள் மயக்கம் ஏற்படுகிறது. இம்மயக்கம் தேர்வு மதிப்பெண்ணைப் பாதிப்பதோடு, பின்னாளில் முகவரை நம்பிக் காப்பீடு எடுப்போரின் உரிமையையும் பாதிக்கிறது. இக்கட்டுரை அத்தகைய சொற்களை வகைப்படுத்தி, தமிழ் மரபிலிருந்தே மாற்றுச் சொற்களைப் பரிந்துரைக்கிறது. எடுத்துக்காட்டுகள் தென்சென்னை, மத்திய சென்னைப் பகுதிகளின் வாழ்க்கைச் சூழலிலிருந்து கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: பொதுக் காப்பீடு, முகவர் தேர்வு, கலைச்சொல்லாக்கம், ஈட்டுறுதி, கன்னக்களவு, முதன்மைக் காரணம்

1. முன்னுரை

கலைச்சொல்லாக்கம் குறித்த தமிழாய்வுகள் பெரும்பாலும் அறிவியல், ஆட்சித்துறை, சட்டம் ஆகிய துறைகளையே மையமாகக் கொண்டுள்ளன. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுப்பை வெளியிட்ட 1938ஆம் ஆண்டில்தான் இந்தியக் காப்பீட்டுச் சட்டமும் இயற்றப்பட்டது. இன்று சென்னையில் தலைமையகத்தைக் கொண்டுள்ள யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனமும் அவ்வாண்டில் தொடங்கப்பட்டதே. 1973ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையானபோது 107 காப்பீட்டாளர்கள் நான்கு நிறுவனங்களாக ஒருங்கிணைக்கப்பட்டனர். அந்நான்கனுள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது யுனைடெட் இந்தியாவே. இத்துணை நெடிய தொடர்பு இருந்தும், இந்நகரில் காப்பீட்டின் எழுத்துமொழியாக ஆங்கிலமும் பேச்சுமொழியாக ஆங்கிலம் கலந்த தமிழுமே நிலவி வருகின்றன. 'பாலிசி', 'பிரீமியம்', 'கிளைம்', 'சர்வேயர்' ஆகிய சொற்களின்றி மயிலாப்பூர்க் கடைக்காரரும் காப்பீடு பற்றிப் பேசுவதில்லை.

இந்நிலையில் தமிழில் எழுதப்படும் முகவர் தேர்வு, காப்பீட்டுத் தமிழ் முறையாகப் பயிலப்படும் மிகச் சில களங்களுள் ஒன்றாகிறது. அக்களத்தில் வழங்கும் சொற்களின் பொருட்செறிவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தேர்வின் இயல்பு

2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்திற்கு முன்னர் முகவர்க்குரிய உரிமம் ஒழுங்குமுறை ஆணையத்தின் பெயரால் வழங்கப்பட்டது. அதற்குப் பின்னர் காப்பீட்டு நிறுவனமே முகவரை நியமிக்கிறது. ஆயினும் ஆணையம் ஏற்ற தேர்வில் தேர்ச்சி பெறுதல் நியமனத்திற்கு முன்நிபந்தனையாகத் தொடர்கிறது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் காப்பீட்டுக் கழகம் வகுத்த ஐ.சி.38 என்னும் பாடத்திட்டம் இதற்கு அடிப்படையாகும். ஐம்பது கொள்குறி வினாக்களுக்கு ஒரு மணி நேரத்தில் விடையளிக்க வேண்டும். தேர்ச்சிக்கு 35 விழுக்காடு மதிப்பெண் போதுமானது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே குறைந்தபட்சக் கல்வித்தகுதி. ஆங்கிலம், இந்தி மட்டுமன்றித் தமிழ் உள்ளிட்ட பிற இந்திய மொழிகளிலும் தேர்வெழுதலாம்.

இவ்வமைப்பில் இரண்டு கூறுகள் மொழியாய்வுக்கு முக்கியமானவை. முதலாவது, இது கொள்குறித் தேர்வு. கட்டுரை வடிவத் தேர்வில் ஒரு சொல்லை ஐயுற்றவர் தம் விளக்கத்தால் அதனை ஈடுசெய்யலாம். கொள்குறித் தேர்விலோ நான்கு விடைகளுக்கு இடையிலான வேறுபாடு பல வேளைகளில் ஒற்றைச் சொல்லில் தங்கியிருக்கும். இரண்டாவது, பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்றவர் ஆங்கில மூலச்சொல்லை அறிந்திருப்பார் எனக் கொள்ள இயலாது. மூலம் தெரிந்தவர்க்கு மொழிபெயர்ப்பு நினைவூட்டியாக அமைகிறது. தெரியாதவர்க்கோ அதுவே மூலமாகிறது.

3. சொற்களின் வகைப்பாடு

பொருள் வெளிப்படையாகத் தெரியும் சொற்களுக்கு விளக்கம் வேண்டா எனவும், தெரியாதவற்றுக்கே வேண்டும் எனவும் தொல்காப்பியர் உரியியலில் நெறி வகுப்பார். இந்நெறியைத் தழுவிக் காப்பீட்டுச் சொற்களை மூவகையாகப் பகுக்கலாம்.

அ) தெளிந்தவை: தேய்மானம், மறுகாப்பீடு, மூன்றாம் நபர் பொறுப்பு போன்றவை. இவற்றின் உறுப்புகளிலிருந்தே பொருள் விளங்கும்.

ஆ) பொருள் மயங்குபவை: ஆங்கிலச் சொல்லின் வேறொரு பொருளை மொழிபெயர்த்ததால் தோன்றியவை. கொள்கை, சராசரி, தவணை ஆகியன இவ்வகையின.

இ) நிபந்தனை இழந்தவை: பொதுவான பொருள் சரியாக அமைந்தும் சட்டம் வேண்டும் வரையறையை விட்டுவிட்டவை. திருட்டு, உடனடிக் காரணம், இழப்பீடு ஆகியன இவ்வகையின.

முதல்வகை மேலும் ஆராயத் தேவையற்றது. ஏனைய இருவகைகளும் கீழே விரிக்கப்படுகின்றன.

4. பொருள் மயங்கும் சொற்கள்

4.1 கொள்கை

'பாலிசி' என்பதைக் 'காப்பீட்டுக் கொள்கை' எனப் பெயர்க்கும் வழக்கம் விளம்பரங்களிலும் எந்திர மொழிபெயர்ப்புகளிலும் பரவலாகக் காணப்படுகிறது. ஆங்கிலத்தில் ஒரே வடிவில் வழங்கும் இரு வேறு சொற்களைப் பிரித்தறியாமையின் விளைவு இது. அரசின் நெறியைக் குறிக்கும் சொல் கிரேக்க மூலம் உடையது. காப்பீட்டில் வழங்கும் சொல்லோ ஆவணம் என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்வழி வந்தது. எனவே 'காப்பீட்டுப் பத்திரம்' என்பதே பொருந்தும். கொள்கை என்னும் சொல் நிறுவனத்தின் விருப்பத்தைச் சுட்டுகிறது. பத்திரம் என்பதோ இருதரப்பையும் பிணைக்கும் ஒப்பந்தத்தைச் சுட்டுகிறது. ஒப்பந்தத்தை ஒருவர் படித்துப் பார்த்துக் கேள்வி எழுப்பலாம் என்னும் உணர்வு 'கொள்கை' என்ற சொல்லில் எழுவதில்லை.

4.2 தவணை

ஆயுள் காப்பீட்டின் வழியே தமிழ்க் குடும்பங்களில் நிலைபெற்ற சொல் 'தவணை'. வீடு தேடிவந்து மாதந்தோறும் அல்லது காலாண்டுதோறும் பணம் பெற்ற முகவர்களின் தொழில்முறை இச்சொல்லை நிலைநிறுத்தியது. பொதுக் காப்பீட்டில் இச்சொல் தவறான எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது. முன்னதாகக் கட்டணம் பெறாமல் இடரை ஏற்றல் கூடாது என்பதே காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு வகுக்கும் பொதுவிதி. மருத்துவக் காப்பீட்டில் தவணை ஏற்பாடு பிற்காலத்தில் அனுமதிக்கப்பட்டாலும், வாகனம், தீ முதலிய காப்பீடுகளில் முழுக் கட்டணத்தையும் முன்னரே செலுத்துவதே அடிப்படை வழக்கம்.

மேலும், தவணை தவறினால் சலுகைக் காலம் உண்டு என்பது ஆயுள் காப்பீட்டு வழக்கு. வாகனக் காப்பீடு முடிவுத் தேதியன்றே முடிந்துவிடுகிறது. அதன்பின் தொண்ணூறு நாள் வரை காக்கப்படுவது இழப்பு கோராமைக்கான தள்ளுபடி உரிமை மட்டுமே, காப்பு அன்று. இவ்வேறுபாட்டை வினவும்போது 'தவணை' என்னும் சொல்லில் பயின்றவர் பிழையான விடையை நாடக்கூடும். 'காப்புக் கட்டணம்' என்னும் சொல் இம்மயக்கத்தைத் தவிர்க்கும்.

4.3 சராசரி

தீக் காப்பீட்டுப் பாடத்தில் இடர்ப்பாடு மிக்க சொல் இதுவே. 'ஆவரேஜ்' விதியைச் 'சராசரி விதி' எனப் பெயர்த்தால், கூட்டி வகுக்கும் கணக்கே மாணவர் நினைவுக்கு வரும். கடல்வணிகத்தில் சரக்குக்கு நேர்ந்த சேதத்தைக் குறித்த சொல்லே இது. அதன் மூலம் அரபு எனக் கருதப்படுகிறது. சேதத்தைப் பங்கிடும் வழக்கிலிருந்தே கணிதப் பொருள் பின்னர்க் கிளைத்தது.

விதியின் உள்ளடக்கம் எளியது. தியாகராய நகர் உஸ்மான் சாலைத் துணிக்கடை ஒன்றில் 40 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள சரக்கு இருப்பதாகக் கொள்வோம். உரிமையாளர் 30 இலட்சத்துக்கே காப்பீடு எடுத்துள்ளார். தீயால் 8 இலட்சம் ரூபாய்ச் சரக்கு அழிகிறது. காப்பீட்டுத் தொகை இழப்பைவிட மிகுதியாக இருப்பதால் 8 இலட்சமும் கிடைக்கும் என அவர் நினைப்பார். விதிப்படி அவருக்குக் கிடைப்பது நாற்பதில் முப்பது பங்கு, அதாவது 6 இலட்சமே. எஞ்சிய பங்குக்கு அவரே தமக்குக் காப்பீட்டாளராகக் கருதப்படுகிறார். இங்குச் 'சராசரி' எதுவுமில்லை, உள்ளது விகிதமே. 'குறைகாப்பு விகித விதி' என்னும் தொடர் சற்று நீளமாயினும் காரணத்தையும் விளைவையும் ஒருங்கே தருகிறது.

5. நிபந்தனை இழந்த சொற்கள்

5.1 திருட்டும் கன்னக்களவும்

கடை, கிடங்கு ஆகியவற்றுக்கு எடுக்கப்படும் 'பர்க்ளரி' காப்பீட்டைத் 'திருட்டுக் காப்பீடு' என வழங்குவது பெருவழக்கு. திருட்டு என்பது உடையவர் இசைவின்றிப் பொருளைக் கவர்தலை எவ்வகையாயினும் குறிக்கும் பொதுச்சொல். இக்காப்பீட்டுப் பத்திரமோ பொதுவாக வன்முறையால் உட்புகுதல் அல்லது வெளியேறுதல் என்னும் நிபந்தனையை விதிக்கிறது. பட்டப்பகலில் வாடிக்கையாளர் போல் வந்தவர் பொருளை எடுத்துச் சென்றால் அது திருட்டே. எனினும் இந்நிபந்தனைக்குள் அடங்குவதில்லை.

யுனைடெட் இந்தியா நிறுவனத்திற்கும் அர்சந்த் ராய் சந்தன் லால் என்னும் வணிக அமைப்புக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் அளித்த தீர்ப்பு இதற்குச் சான்று. வன்முறைப் புகல் இன்றி நிகழ்ந்த களவு பத்திரத்தின் வரையறைக்குள் வராது என்றும், பத்திரத்தின் சொற்களை உள்ளவாறே பொருள்கொள்ள வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. தீர்ப்பின் அச்சு ஒரு சொல்லின் வரையறையே. 'திருட்டுக்கும் சேர்த்துத்தானே பணம் கட்டினோம்?' என்று கேட்கும் கடைக்காரர்க்கு இத்தீர்ப்பை விளக்க வேண்டிய நிலையில் முகவர் இருக்கிறார். விற்கும்போதே சொல் சரியாக அமைந்திருப்பின் இவ்வினா எழுந்திராது.

இதற்குரிய சொல் தமிழில் முன்னரே உண்டு. சுவரைத் துளைத்து வீட்டினுள் புகுவதைக் கன்னமிடுதல் என்றும், அதற்குரிய கருவியைக் கன்னக்கோல் என்றும் தமிழர் வழங்கினர். சட்டத் தமிழிலும் 'கன்னக்களவு' என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. உடைத்துப் புகுதல் என்னும் நிபந்தனை இச்சொல்லின் உறுப்பிலேயே அமைந்துள்ளது. இக்காலத்தார்க்குக் கன்னம் என்றதும் முகத்தின் உறுப்பே நினைவுக்கு வரும் என்னும் தடை எழலாம். முதல் வழக்கில் 'கன்னக்களவு, அதாவது உடைத்துப் புகுந்த களவு' என ஒருமுறை விளக்கினால் அத்தடை நீங்கும்.

5.2 உடனடிக் காரணமும் முதன்மைக் காரணமும்

'பிராக்சிமேட் காஸ்' என்னும் கோட்பாடு 'உடனடிக் காரணம்' என்றும் 'அண்மைக் காரணம்' என்றும் தமிழாக்கப்படுகிறது. இவ்விரண்டும் காலத்தால் நெருங்கிய காரணத்தையே சுட்டுகின்றன. காப்பீட்டுச் சட்டம் வேண்டுவது காலநெருக்கம் அன்று. ஆற்றலால் தலைமை பெற்ற காரணமே ஆகும்.

1918இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை தீர்த்த லேலண்டு கப்பல் நிறுவன வழக்கு இதன் மூலச்சான்று. முதல் உலகப்போரின்போது இகாரியா என்னும் கப்பல் நீர்மூழ்கிக் குண்டால் தாக்கப்பட்டு, பிரான்சின் லே ஆவர் துறைமுகத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அங்குக் காற்றாலும் அலையேற்ற இறக்கத்தாலும் அலைப்புண்டு சில நாள்களில் மூழ்கியது. கப்பலின் காப்பீடு கடல்சார் கேடுகளை ஏற்றுப் போர்ச்செயலை விலக்கியிருந்தது. காலத்தால் அண்மையது கடல். ஆயினும் குண்டுத் தாக்குதலே காரணம் என அவை முடிவுசெய்தது. 'உடனடிக் காரணம்' என்னும் சொல்லை மட்டும் கற்ற மாணவர் இவ்வழக்கை வினாவாகக் கண்டால் 'கடல்' என்றே விடையளிப்பார். சொல்லை நம்பியதே அவர் பிழைக்குக் காரணமாகும்.

சென்னைக்கு இது தொலைவான செய்தி அன்று. 2015 திசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகளில் புகுந்தபோது தரைத்தளத்திலும் அடித்தளத்திலும் நின்ற வாகனங்கள் நீரில் மூழ்கின. நீர் புகுந்த வாகனத்தை இயக்க முயன்றால் எந்திரம் பழுதாகும். அப்பழுதுக்குக் காரணம் வெள்ளமா, இயக்கிய செயலா? காப்பீட்டு நிறுவனங்கள் இத்தகைய நிலையில் பின்விளைவு இழப்பு என்னும் விலக்கைச் சுட்டுவதுண்டு. எந்திரக் காப்புக்கான கூடுதல் இணைப்பு விற்கப்படுவதும் இதனாலேயே. இச்சிக்கலை வாடிக்கையாளர்க்கு முன்னரே சொல்ல வேண்டிய முகவர் காரணத் தொடர்ச்சியை ஆராயத் தெரிந்திருக்க வேண்டும்.

காரணங்களை முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் எனப் பகுத்தாயும் மரபு சைவ சித்தாந்தத் தமிழில் வேரூன்றியுள்ளது. அம்மரபில் முதற்காரணம் என்பது குடத்துக்கு மண் போன்றதைக் குறிக்கும் தனிக்கலைச்சொல் ஆதலின் அதனை அப்படியே இங்குக் கையாளுதல் பொருந்தாது. 'முதன்மைக் காரணம்' எனக் கொள்ளின் மயக்கமின்றித் தலைமைப் பொருள் கிட்டும்.

5.3 இழப்பீடும் ஈட்டுறுதியும்

'இழப்பீடு' என்னும் சொல் இன்று நான்கு கருத்துகளைச் சுமக்கிறது: நீதிமன்றம் வழங்கும் நட்டஈடு, அரசு வழங்கும் நிவாரணத் தொகை, காப்பீட்டு நிறுவனம் செலுத்தும் தொகை, 'இன்டெம்னிட்டி' என்னும் கோட்பாடு. கோட்பாட்டின் உள்ளீடு வேறு. இழப்புக்கு முன்னர் இருந்த பொருள்நிலைக்கு மீட்பதே அதன் எல்லை. காப்பீட்டால் ஆதாயம் கூடாது என்பதே அதன் நிபந்தனை. தீயில் அழிந்த பழைய குளிர்பதனப் பெட்டியின் இன்றைய புதுவிலை 40,000 ரூபாய், தேய்மானம் 40 விழுக்காடு எனின், சந்தை மதிப்பு அடிப்படையிலான பத்திரத்தில் கணக்கிடப்படுவது 24,000 ரூபாய். புதிது வாங்கும் செலவைத் தரும் மீள்நிறுவு மதிப்புப் பத்திரம் இதற்கு வேறானது.

சட்டத் தமிழில் வழங்கும் 'ஈட்டுறுதி' என்பது கோட்பாட்டுக்குப் பொருந்தும். இழப்பீடு என்பதைச் செலுத்தப்படும் தொகைக்கு மட்டும் உரியதாக்கலாம். ஈடு என்னும் சொல் ஒப்பு, நிகர் என்னும் பொருள்களையும் உடையது. இழந்ததற்கு நிகர், அதற்கு மேலன்று என்னும் வரம்பு அதிலேயே அடங்கியுள்ளது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழில் 'இன்சூரன்ஸ்' என்பது காப்புறுதி எனப்படுவதும் இங்கு ஒப்புநோக்கத் தக்கது. தமிழகத்தின் காப்பீடு என்னும் சொல் ஈட்டை முன்னிறுத்துகிறது. அவர்தம் காப்புறுதி வாக்குறுதியை முன்னிறுத்துகிறது. ஈட்டுறுதி என்னும் சொல்லில் இவ்விரு கூறுகளும் சந்திக்கின்றன.

5.4 இடர், கேடு, கேட்டுச்சூழல்

'ரிஸ்க்', 'பெரில்', 'அசார்டு' ஆகிய மூன்றையும் வேறுபடுத்துவது இத்தேர்வின் தொடக்கப் பாடம். தமிழில் ஆபத்து, அபாயம், இடர் ஆகியன ஒன்றற்கொன்று மாற்றாக வழங்குவதால் வேறுபாடு மறைகிறது. 2017 மே 31 அன்று தியாகராய நகர் உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் தீப்பற்றியது. சேதமுற்ற கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது. இத்தகைய நிகழ்வில் தீ என்பது கேடு. பொதுவாகப் பல்மாடிக் கடைகளில் மாடிப்படியில் அடுக்கிய துணிக்கட்டு, பழுதான மின்கம்பி, நெருங்கிய கட்டடங்கள் ஆகியன கேட்டுச்சூழல். தீயால் இழப்பு நேரக்கூடிய வாய்ப்பே இடர். 'பேரிடர்' என்னும் சொல் ஆட்சித்தமிழில் பெருந்துயர நிகழ்வுக்கு உரியதாகிவிட்டமையின், 'பெரில்' என்பதற்கு அதனைக் கையாளாமை நன்று.

6. தேர்வு ஆயத்தத்தில் சொல்வழிக் கற்றல்

மேற்கண்ட ஆய்விலிருந்து தமிழில் தேர்வெழுதுவோர்க்கும் பயிற்றுநர்க்கும் பயன்படும் கற்றல்முறை ஒன்றை வகுக்கலாம்.

முதலாவது, ஒவ்வொரு சொல்லையும் நிபந்தனையோடு சேர்த்து ஒரு வாக்கியமாக எழுதிப் பயிலுதல். சான்றாக, 'காப்பீட்டு நலன் தீக் காப்பீட்டில் தொடக்கத்திலும் இழப்பின்போதும், கடல்சார் காப்பீட்டில் இழப்பின்போதும், ஆயுள் காப்பீட்டில் தொடக்கத்திலும் இருத்தல் வேண்டும்' என்னும் வாக்கியம் மூன்று வினாக்களுக்கு விடையளிக்கும்.

இரண்டாவது, சொல் பொருந்தாத நிகழ்வு ஒன்றையும் உடன் எழுதுதல். கன்னக்களவுக்குப் பூட்டு உடைந்த நிகழ்வோடு, பூட்டு உடையாத நிகழ்வையும் குறித்தால் எல்லை தெளிவாகும்.

மூன்றாவது, ஆயுள் காப்பீட்டு வழக்கை ஒதுக்கிவைத்துப் பயிலுதல். முதிர்வு, தவணை, வாரிசு நியமனம் ஆகிய பழகிய கருத்துகள் சொத்துக் காப்பீட்டில் அவ்வாறே செல்லா.

நான்காவது, பத்திரத்தின் வாசகத்தையே பாடமாகக் கொள்ளுதல். 2021 ஏப்ரல் முதல் வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்த பாரத் கிருக ரட்சா பத்திரம் இதற்கு ஏற்றது. அதில் கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 விழுக்காடு, 10 இலட்சம் ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டு, வீட்டின் பொதுப் பொருள்களுக்குத் தானாகவே அமைகிறது. காப்பிடப்பட்ட கேடு நிகழ்ந்த ஏழு நாள்களுக்குள், அதனை முதன்மைக் காரணமாகக் கொண்டு நிகழும் திருட்டும் அதில் அடங்கும். வெள்ளத்தின்போது பூட்டிய வீட்டை விட்டு வெளியேறும் அடையாற்றங்கரைக் குடும்பத்துக்கு இந்த ஒரு வாசகம் மிகவும் பயன்படக்கூடியது. திருட்டு, முதன்மைக் காரணம், கேடு ஆகிய மூன்று சொற்களையும் அறிந்தவரே இதனை அவர்களுக்கு விளக்க இயலும்.

கடன்சொற்கள் குறித்தும் ஒன்று கூறவேண்டும். தொல்காப்பியம் எச்சவியலில் வடசொற்களை ஏற்கும் நெறியை வகுத்தது. பிறமொழிச் சொல்லை ஏற்றல் தமிழ்க்குப் புதிதன்று. 'பிரீமியம்', 'கிளைம்' ஆகியன மக்கள் வழக்கில் பொருள் தெளிந்து நிற்கின்றன. தவறான எதிர்பார்ப்பைத் தரும் தமிழ்ச்சொல்லைவிடத் தெளிந்த கடன்சொல் கற்போர்க்குத் தீங்கு குறைந்தது. எனவே மாற்றத்திற்குரியவற்றுள் முன்னுரிமை பெறவேண்டியவை மயங்கும் தமிழாக்கங்களே, கடன்சொற்கள் அன்று.

7. முடிவுரை

காப்பீட்டுக் கலைச்சொல்லின் தகுதியைத் தூய்மை, சுருக்கம் ஆகிய அளவைகளோடு, நிபந்தனையைத் தாங்கும் திறன் என்னும் அளவையாலும் மதிப்பிடுதல் வேண்டும். அவ்வளவைப்படி கொள்கைக்குப் பத்திரமும், தவணைக்குக் காப்புக் கட்டணமும், சராசரி விதிக்குக் குறைகாப்பு விகித விதியும், திருட்டுக் காப்பீட்டுக்குக் கன்னக்களவுக் காப்பீடும், உடனடிக் காரணத்துக்கு முதன்மைக் காரணமும், கோட்பாட்டு நிலையில் இழப்பீட்டுக்கு ஈட்டுறுதியும் இக்கட்டுரையில் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. வாகனம், மருத்துவம், கடல்சார் சரக்கு ஆகிய பிரிவுகளின் சொற்களும் இம்முறையில் தனித்தனியே ஆராயத் தக்கன. தமிழ்த்துறைகளும் காப்பீட்டுப் பயிற்சி நிறுவனங்களும் இணைந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் நிபந்தனை வாக்கியமும் பொருந்தாச் சான்றும் கொண்ட கையகராதி ஒன்றை உருவாக்கலாம். தேர்வறையில் அது ஒரு மதிப்பெண்ணைக் காக்கும். வெள்ளம் வடிந்த வீட்டில் ஒரு குடும்பம் தனக்குரியதை அறிந்து கேட்கவும் துணைசெய்யும்.